வயல்நிலத்தில் முட்டையிடும் ஆட்காட்டிக் குருவி

கமக்காரர்களே!

உழவுக்காக வயலில் இறங்கியதும் தலைக்கு மேலே வட்டமிட்டு ஓயாது கத்தும் ஆட்காட்டிக் குருவியை நீங்கள் நன்கறிவீர்கள். ஆளைக் கண்டவுடன் குரலெழுப்பிக் காட்டிக்கொடுப்பதனாலேயே அதற்கு இப்பெயர் வழங்குகின்றது. சிலர் அதனைத் தொல்லையெனக் கருதிக் கல்லெறிந்து துரத்துவர். ஆயினும் அக்கூச்சல் வீணான கூச்சலன்று. உங்கள் காலடிக்கு அண்மையில் அதன் முட்டைகளோ குஞ்சுகளோ இருக்கலாம்.

தோற்றம்

இப்பறவை ஏறக்குறைய ஓரடி நீளமுடையது. தலை, கழுத்தின் முன்புறம், மார்பு ஆகியன கருமையாகவும், முதுகும் சிறகும் வெண்கலச் சாயலுடைய மண்ணிறமாகவும், வயிறு வெண்மையாகவும் இருக்கும். கண்ணுக்கு முன்னே சிவந்த தசைமடல் உண்டு. சொண்டு சிவப்பு, அதன் நுனி கறுப்பு. கால்கள் நீண்டு மஞ்சள் நிறமாயிருக்கும். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒத்தவை. தசைமடல் மஞ்சளாயுள்ள மற்றோரினமும் நம் நாட்டின் வரண்ட பகுதிகளில் உண்டு.

கூடும் முட்டையும்

ஆட்காட்டி மரத்திற் கூடு கட்டுவதில்லை. தரிசு வயலிலோ, குளத்தோரத்திலோ, கற்கள் பரந்த வெளியிலோ ஆழமற்ற ஒரு குழியைப் பறித்து, சிறு கற்களையும் ஆட்டுப் புழுக்கையையும் சுற்றி வைத்து, பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடும். மங்கிய மண்ணிறத்திற் கரும்புள்ளிகள் கொண்ட அம்முட்டைகள் மண்கட்டியினின்றும் வேறு பிரித்தறிய முடியாதவை. தாயும் தந்தையும் மாறி மாறி ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். கடும் வெயிலில் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிரச் செய்யும். குஞ்சுகள் பொரித்துச் சிறிது நேரத்தில் நடக்கத் தொடங்கும். ஆபத்து நேர்ந்தால் அசையாது தரையோடு ஒட்டிக் கிடக்கும்.

உணவு

வண்டு, எறும்பு, கறையான், வெட்டுக்கிளி, புழு, சிறு நத்தை முதலியனவே இதன் முக்கிய உணவு. சில அடி ஓடி, நின்று, குனிந்து கொத்தும். நிலவுள்ள இரவிலும் இரை தேடும். இது நெற்பயிரையோ மரக்கறிப் பயிரையோ அழிக்கும் பறவையன்று. இப்பறவை ஒன்றே பீடைகளை ஒழித்துவிடும் என்பதில்லை. எனினும் கூலி கேளாது உதவும் ஒரு நண்பனை இழப்பது அறிவுடைமையாகாது.

நீங்கள் செய்யவேண்டியவை

1. உழுமுன் பறவையின் கத்தல் மிகுந்தால் விலகி நின்று பொறுத்திருங்கள். அச்சந் தீர்ந்ததும் அது ஓடிவந்து அமருமிடமே கூடு.

2. கூட்டைச் சுற்றி ஓரிரு யார் நிலத்தை உழாது விடுங்கள். அடையாளக் கம்பைக் கூட்டருகில் நாட்டாது, சில அடி தள்ளி நாட்டுங்கள். இல்லையேற் காகம் கண்டுகொள்ளும்.

3. முட்டைகளை வேறிடத்திற்கு மாற்றாதீர்கள்.

4. நண்பகலில் கூட்டருகே நெடுநேரம் நில்லாதீர்கள். பறவை விலகியிருந்தால் வெயிலில் முட்டைகள் கெட்டுவிடும்.

5. நாய்களை வயலில் அலையவிடாதீர்கள்.

6. தேவையின்றிக் கிருமிநாசினி தெளிக்காதீர்கள். நஞ்சுண்ட பூச்சியைத் தின்னும் பறவைக்கும் தீங்கு நேரும்.

ஓரிரு யார் நிலத்தை நான்கு வாரம் விட்டுவைப்பதால் உங்கள் விளைவிற் பெருங்குறை நேராது. உழுமுனை ஒருமுறை அக்கூட்டின் மீது சென்றாலோ, அவ்வளவு நாட் காவலும் ஒரு கணத்தில் அழியும். ஆகவே, ஆட்காட்டி கத்தும்போது ஒரு கணம் நின்று, தரையைப் பாருங்கள்.