ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடும் முறை

ஓர் ஆராய்ச்சியைத் தொடங்குமுன், அப்பொருள்பற்றிப் பிறர் கண்டறிந்தவை யாவை எனத் தெரிந்துகொள்வது முதற்கடமையாகும். முந்தைய கட்டுரையொன்று கண்ணிற்படாது போயின், செய்து முடிந்த சோதனையே மீண்டும் செய்யப்படும். மருத்துவத் துறையிலோ, முன்பே அறியப்பட்ட தீங்கு மீண்டும் நோயாளியை வந்தடையவும் கூடும்.

மருத்துவக் கட்டுரைகளுக்கென 1879ஆம் ஆண்டில் ஜான் ஷா பில்லிங்ஸ் என்பார் அமெரிக்காவில் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் அட்டவணையைத் தொடங்கினார். அதன் வழிவந்த ‘பப்மெட்’ 1996இல் தோன்றியது; இன்று 3½ கோடிக்கு மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகளைக் கணிப்பொறி வழியே கட்டணமின்றித் தருகிறது. இப்பெருந்தொகுப்பில் வேண்டியதைப் பெற மூன்று கட்டளைச் சொற்கள் துணைபுரிகின்றன. ‘ஆண்ட்’ என்பது இருபுறச் சொற்களும் ஒருங்கே அமைந்த குறிப்புகளை மட்டும் தரும். ‘ஆர்’ என்பது இரண்டில் ஏதேனும் ஒன்று இருப்பினும் தரும். ‘நாட்’ என்பது தனக்குப் பின்வரும் சொல் உள்ளவற்றை விலக்கும். இவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுதல் வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். காலா அசார் நோய்க்கு வாய்வழி உட்கொள்ளும் மில்டெஃபோசின் மருந்துபற்றி அறிய விரும்புகிறோம். இந்நோய்க்கு ‘விசரல் லீஷ்மேனியாசிஸ்’ என்ற பெயரும் உண்டு. பப்மெட் சில மாற்றுப் பெயர்களைத் தானே சேர்த்துக்கொள்ளுமாயினும், இரண்டையும் ‘ஆர்’ கொண்டு நாமே இணைப்பது நன்று. ஆனால் ‘மில்டெஃபோசின் ஆண்ட் காலா அசார் ஆர் விசரல் லீஷ்மேனியாசிஸ்’ என்று எழுதினால் பிழை நேரும். கட்டளைகள் இடமிருந்து வலமாகவே நிறைவேற்றப்படுவதால், மருந்தின் பெயரே இல்லாத கட்டுரைகளும் வந்து குவியும். நோயின் இரு பெயர்களையும் அடைப்புக்குறிக்குள் இட்டால் இக்குறை நீங்கும்.

சொல்லின் முற்பகுதியை எழுதி நட்சத்திரக் குறியிட்டால், அப்பகுதியில் தொடங்கும் சொற்கள் யாவும் தேடப்படும். ஆசிரியர் பெயரிலோ தலைப்பிலோ மட்டும் தேடுதற்கும் தனிக்குறிகள் உள்ளன. நூலகத்தார் வகுத்த ‘மெஷ்’ என்னும் பொருட்தலைப்புகளைக் கொண்டும் தேடலாம். ஆனால் எல்லாக் குறிப்புகளுக்கும் இத்தலைப்புகள் இடப்படுவதில்லையாதலின், சாதாரணச் சொற்களையும் உடன்சேர்த்தல் வேண்டும்.

‘நாட்’ கட்டளையைக் கையாளுவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சிறுவர்க்குரிய மருந்தளவை அறிய விரும்பும் மருத்துவர் ‘வயதுவந்தோர்’ என்னும் சொல்லை விலக்கினால், சிறுவரையும் வயதுவந்தோரையும் ஒருங்கே ஆராய்ந்த கட்டுரைகளும் மறைந்துபோம். அவர் தேடிய மருந்தளவு அவற்றுள் ஒன்றிலேயே இருத்தல் கூடும். ஆதலின் விலக்குவதைவிட, வேண்டிய சொல்லை ‘ஆண்ட்’ கொண்டு சேர்ப்பதே தக்கது.

இறுதியாக, பயன்படுத்திய கட்டளைத் தொடரையும் தேடிய நாளையும் குறித்து வைத்தல் இன்றியமையாதது. சோதனைக்கூடத்தில் செய்முறையை எழுதிவைப்பது போன்றதே இதுவும். அக்குறிப்பு இருப்பின், பிறர் அதே வழியிற் சென்று விடுபட்டதைக் கண்டு நிரப்ப இயலும்.