பெரட்டு முடிந்த பின்: ஓய்வுக்கால நடையும் ஆடலும்

ஓய்வு என்னும் சொல்லை நம் மக்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருத்தல் என்னும் பொருளிலேயே வழங்கி வருகின்றனர். "இத்தனை காலம் உழைத்தது போதும்; இனி உட்கார்ந்து சாப்பிடுங்கள்" என்று பிள்ளைகள் பெற்றோரிடம் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். அச்சொல்லில் உள்ள அன்பில் குறையில்லை. ஆயினும், அவ்வறிவுரையை அப்படியே ஏற்றுக்கொண்டவர்களின் கால்கள் சில ஆண்டுகளிலேயே தளர்ந்து விடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஓய்வு பெற்றவர் ஒருவர் மலைநடை, ஆடல், பொதுநிகழ்ச்சி ஆகியவற்றைக் கொண்டு தம் நாள்களை எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதை, ரவாங் வட்டாரத்தை எடுத்துக்காட்டாக வைத்து இங்கு ஆராய்வோம்.

இழப்பது சம்பளம் மட்டுமன்று

தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்னும் சட்டம் 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அவ்வயதில் வேலையை விடும் பால்மரத் தொழிலாளி முதலில் எண்ணிப் பார்ப்பது சேமநிதிப் பணத்தையும், தோட்ட வீட்டை விட்டால் குடியேற வேண்டிய இடத்தையும்தான். அவை இரண்டும் முக்கியமானவையே. ஆனால், அவர் எண்ணிப் பாராத வேறோர் இழப்பும் உண்டு. அது பெரட்டு.

பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் வாசிக்கப்படும். கூப்பிட்ட பெயருக்குப் பதில் வாராவிடின், "என்ன ஆயிற்று?" என்று யாரேனும் கேட்பர், காய்ச்சலா, வீட்டில் துக்கமா என்று லயத்திற்கு ஆள் போகும். பெரட்டை நாம் அதிகாரத்தின் அடையாளமாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். அதில் நியாயமும் உண்டு. எனினும், ஒரு மனிதர் வந்தாரா வாராரா என்பதை நாள்தோறும் கவனிக்கும் ஏற்பாடும் அதனுள் இருந்தது. அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடிக்குக் குடிபெயர்ந்த முதியவரின் பெயரை எவரும் வாசிப்பதில்லை. அவர் இரண்டு நாள் வெளியே வாராவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரிவதில்லை.

உடலின் கணக்கும் இவ்வாறே. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மரங்களைச் சீவுவோர் தம் நிரையில் எவ்வளவு தொலைவு நடக்கின்றனர் என்று அளந்து பார்ப்பதில்லை. அந்நடை ஒரே நாளில் நின்று விடுகிறது. உணவின் அளவோ நிற்பதில்லை. வேலையில் நடந்த நடையே ஆயுள் முழுமைக்கும் போதும் என்று எண்ணுதல் தவறு. உடலுழைப்பு வங்கியில் இட்ட பணமன்று. பயன்படுத்தாத தசை சில மாதங்களிலேயே மெலியத் தொடங்குகிறது.

ரவாங் ஏற்ற இடமாவது எவ்வாறு?

ரவாங் ஈயத்தால் வளர்ந்த ஊர். 1894-ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் இங்குள்ள தங்கள் ஈயச் சுரங்கத்திற்கு மின்னாக்கி அமைத்தனர். மலாயாவில் மின்சாரம் முதன்முதல் பயன்பட்டது இங்கேதான் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. ஈயத்தின் பின் ரப்பர் வந்தது. ரப்பர் இருந்த நிலத்தில் பின்னர் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. தோட்டங்களில் பிறந்து, இன்று தாமான்களில் முதுமை எய்துவோர் இவ்வட்டாரத்தில் பலர்.

இவர்களுக்கு வாய்த்த பேறு, ஊரின் அருகிலேயே காடு இருப்பதாகும். ரவாங்கிலிருந்து கோலாலம்பூர் செல்லும் பழைய சாலையோரத்தில் கஞ்சிங் காடும், அதன் ஏழடுக்கு நீர்வீழ்ச்சியும் உள்ளன. சற்று அப்பால் டெம்ப்ளர் பூங்கா. 1952 முதல் 1954 வரை மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்த ஜெரால்ட் டெம்ப்ளரின் பெயரைத் தாங்கியது. சுண்ணாம்புப் பாறையாலான தாக்குன் குன்று அவ்விடத்தில் தலை நிமிர்ந்து நிற்கும். கஞ்சிங்கில் காப்பூர் மரங்கள் உயர்ந்து வளர்ந்துள்ளன. கோயிலிலும் சர்க்கரைப் பொங்கலிலும் நாம் மணம் அறிந்த பச்சைக் கற்பூரம் பண்டை நாளில் இவ்வின மரத்தினின்றே எடுக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் ஒரே வகை மரத்தின் பட்டையைப் பார்த்து வந்தவர்க்கு இக்காட்டில் பார்ப்பதற்கு நிரம்ப உண்டு.

மலைநடை

மலைநடை என்றதும் கயிறும் கோடரியும் கொண்டு சிகரம் ஏறுதல் என எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. மேடுபள்ளமான காட்டு வழியில் தோழரோடு மெல்ல நடப்பதையே நாம் இங்குக் குறிக்கின்றோம். அதிகாலையில் அவரவர் தாமானின் பூங்காவில் அரை மணி நேரம் நடந்து பழகி, பின்னர் வாரத்திற்கு ஒரு நாள் கஞ்சிங்கின் கீழடுக்குகள் வரை செல்லலாம். ஏழாவது அடுக்கைக் கண்டே தீர வேண்டும் என்னும் பிடிவாதம் வேண்டா. மேலடுக்குகளின் வழி செங்குத்தானது, பாறைகள் வழுக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 65 வயதைக் கடந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் தேவையெனக் கூறியுள்ளது. மிதமானது என்பதை அறியக் கருவி வேண்டியதில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாதபடி மூச்சு வாங்க வேண்டும். அதனோடு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரு நாளேனும், விழாமல் நிலைகொள்ளும் பயிற்சி மூன்று நாளேனும் வேண்டும் என்றும் அவ்வழிகாட்டி வலியுறுத்துகின்றது. பின்னதை நாம் பெரிதும் மறந்து விடுகிறோம். முதியோர் பலரைப் படுக்கையில் வீழ்த்துவது நோயன்று, குளியலறையில் ஒரு வழுக்கல். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்தமர்தல், சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்றல் ஆகிய இரண்டையும் அடுப்பங்கரையில் சோறு வேகும் நேரத்திலேயே செய்து முடிக்கலாம்.

காலணிக்குப் பெரும்பணம் செலவிட வேண்டா. 'அடிடாஸ் கம்போங்' என்று வேடிக்கையாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர்க் காலணியைத் தோட்டத்தில் அறியாதார் இல்லை. சேற்றிலும் ஈர வேரிலும் பிடிப்புக் கொடுக்கும் அதே காலணியைத்தான் 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு மலையில் சுமைதூக்கிகளும் அணிகின்றனர். நகரத்து மலையேறிகள் பலர் இன்று அதனை விரும்பி வாங்குகின்றனர். நம் பாலில் பிறந்த காலணி நமக்கே தாழ்வாகத் தோன்றியது ஒரு காலம்!

முழங்கால் வலியுள்ளோர் ஏறுவதைவிட இறங்குவதற்கே அஞ்ச வேண்டும். உடலின் பளு முழங்காலில் மிகுதியாக விழுவது இறக்கத்தில்தான். உறுதியான கைத்தடி ஒன்று அப்பளுவைப் பகிர்ந்துகொள்ளும். காட்டோடையில் மலையுச்சியில் பெய்த மழை திடீரெனப் பெருகி வரும். மலாய் மொழியில் இதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். தெளிந்த நீர் கலங்கினாலும், இலைச்சருகு மிகுந்து வந்தாலும், உடனே கரையேறுதல் வேண்டும். காலில் புண்ணுள்ளோர் ஓடையில் இறங்கலாகாது; எலிக்காய்ச்சல் அவ்வழியே தொற்றக்கூடும். நீரிழிவுக்கு மருந்துண்போர் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்திருக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் நின்று, அமர்ந்து, 999-ஐ அழைக்க வேண்டும். வெட்கத்திற்கு அங்கு இடமில்லை. காலையில் மலையேறிக் கரைத்ததை, இறங்கியதும் நாசி லெமாக்கிலும் சீனி மிகுந்த தே தாரேக்கிலும் மீண்டும் ஏற்றிக்கொள்ளும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுகிறோம்.

நம்மவர் மலையேற்றத்திற்குப் புதியவரல்லர். 1997-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதல் கால்வைத்த மலேசியர் மகேந்திரன், மோகனதாஸ் இருவருமே. அதே மே 23-ஆம் நாளில், 2013-இல், யுயிச்சிரோ மியூரா என்னும் ஜப்பானியர் தம் 80-ஆம் வயதில் அதே சிகரத்தை அடைந்தார். இதய அறுவை செய்துகொண்டவர் அவர். அறுபதைக் கடந்த காலத்தில் உடல் பருத்து, சிறு குன்று ஏறுவதற்கே மூச்சு வாங்கியவர். காலில் எடை கட்டிக்கொண்டு நடந்து நடந்து தம்மைத் தேற்றிக்கொண்டார். எவரெஸ்ட் நமக்கு வேண்டா. அந்த எடை கட்டிய நடையே நாம் கருதத்தக்கது.

ஆடல்

"அறுபது வயதில் ஆட்டமா?" என்று நகைப்போர் உளர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகமும் காவடியும் கண்டவர்கள், பொங்கலன்று கும்மியடித்தவர்கள், இவ்வாறு நகைப்பது நமக்கு வியப்பளிக்கின்றது. கோயம்புத்தூர் வட்டாரத்தைச் சேர்ந்த பத்திரப்பன் என்னும் முதியவர் வள்ளி ஒயில்கும்மி ஆசிரியர். ஆண்களே ஆடி வந்த அக்கலையைப் பெண்களுக்கும் கற்பித்தவர். 2024-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தபோது அவருக்கு வயது 87.

ஆடலின் பயன் காலுக்கு மட்டுமன்று. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளிவந்தது. நடை, நீச்சல் முதலிய உடற்பயிற்சிகளுள், மறதி நோய் குறைவாகக் காணப்பட்டதோடு தொடர்புற்றிருந்தது ஆடல் ஒன்றே. படித்தல், இசைக்கருவி வாசித்தல், பலகை விளையாட்டு ஆகியவையும் அவ்வாறே பயனுள்ளவையாகத் தோன்றின. மூளை நலத்தோடிருப்பவரே ஆட வருகிறார் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாமாதலின், ஆடினால் மறதி வாராது என்று நாம் உறுதி கூற மாட்டோம். ஆயினும் காரணம் ஊகிக்கத் தக்கதே. அடுத்த அடி எது என்று நினைவு கூர வேண்டும். தாளத்தைக் கேட்க வேண்டும். பக்கத்தில் ஆடுபவர் மீது மோதாமல் திரும்ப வேண்டும். இம்மூன்றும் ஒரே வேளையில் நிகழ்வதால் மூளைக்கும் வேலை கிடைக்கிறது.

தாமான் மண்டபங்களில் மாலை வேளைகளில் வரிசை நடனம் பழகும் சீனர்களும், ஜோகெட் ஆடும் மலாய்க்காரர்களும் நம்மை அழைக்கத் தயங்குவதில்லை. நாமும் போய்ச் சேரலாம். அவர்களுக்குக் கோலாட்டம் கற்றுக்கொடுக்கலாம். முதியோர் ஆடுகையில் துள்ளுதலையும் வேகமாகச் சுழலுதலையும் நீக்கி, பாட்டின் விரைவைக் குறைத்துக்கொண்டால் போதும். நல்ல ஆடலைக் காண விழைவோர் ரவாங் நிலையத்தில் கொமுட்டர் ரயிலேறிக் கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் அதையடுத்துப் பிரிக்பீல்ட்ஸ்; 1981-இல் தொடங்கப்பெற்ற நுண்கலைக் கோயில் அங்குள்ளது.

கோலாட்டத்தை நாம் வற்புறுத்துவதற்குத் தனிக் காரணமுண்டு. அதற்கு இணை வேண்டும். ஒருவர் வாராவிடின் மற்றொருவரின் கோல் அந்தரத்தில் நிற்கும். "ஏன் வரவில்லை?" என்னும் கேள்வி அன்று மாலையே அவர் வீட்டுக் கதவைத் தட்டும். பெரட்டில் நாம் இழந்தது இங்கே திரும்பக் கிடைக்கிறது. இம்முறை அதட்டல் இல்லாமல்.

பொதுநிகழ்ச்சிகள்

1975-இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா, கோயில் திருப்பணி, தமிழ்ப்பள்ளியின் கோத்தோங் ரோயோங் என முதியோர்க்கு இடமளிக்கும் நிகழ்ச்சிகள் பல. தோட்ட வாழ்க்கையைக் கண்ணால் கண்டவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதனை எடுத்துரைக்கலாம். காண்டா வாளியையும் மங்கையும் பாடநூலில் மட்டுமே காணும் தலைமுறை வந்துவிட்டது.

பெண்களைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற ஆண் மாலையில் வெளியே செல்வார். ஓய்வு பெற்ற பெண்ணோ அன்றே பேரக்குழந்தைகளின் ஆயாவாகப் பணியமர்கிறார். ஆயாக்கொட்டகையிலாவது மாலையில் பிள்ளைகளை வந்து பெற்றுக்கொள்வர். பேரரை வளர்ப்பது மகிழ்ச்சிக்குரியதே எனினும், பாட்டிக்கென்று நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தருவது மகன் மருமகளின் கடமையென நாம் கருதுகிறோம்.

60 வயது நிரம்பியோர்க்காகச் சமூகநல இலாகாவின் ஆதரவில் முதியோர் நடவடிக்கை மையங்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு மேல் இயங்கி வருகின்றன. உடற்பயிற்சி, கைவினை, சுற்றுலா, மருத்துவச் சோதனை ஆகியவை அவற்றில் நடைபெறும். ரவாங் கோம்பாக் மாவட்டத்தில் அடங்குவதால், அங்குள்ளோர் கோம்பாக் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் அடையாள அட்டையுடன் சென்று அருகிலுள்ள மையத்தை விசாரிக்கலாம். இன்னும் தோட்டத்தில் வேலை செய்பவர்கள், ஓய்வு நாளுக்கு ஓராண்டு முன்னரே தம் புதிய குடியிருப்பின் நடைக்குழுவையோ மையத்தையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சென்று பார்த்து அறிமுகம் செய்துகொள்வது நன்று. மரத்தை விட்ட மறுநாளே போக ஓரிடம் இருக்கும்.

அக்டோபர் முதல் நாள் முதியோர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஐக்கிய நாட்டு மன்றம் 1990-இல் இதனை அறிவித்தது. அந்நாளில் கோலாட்டம் அரங்கேற்ற விரும்பும் குழுக்கள் ஆகஸ்டு தொடக்கத்திலேயே பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். பன்னிரண்டு பேர் ஒரே தாளத்தில் அடியெடுத்து வைப்பதற்கு எட்டு வாரமேனும் பிடிக்கும். அதிலும் ஒருவருக்கு எப்படியும் இடமும் வலமும் மாறிப்போகும்.