எடை குறைக்க உதவும் மளிகைப் பட்டியல்

எடையைக் குறைக்க நாக்கைப் பட்டினி போட வேண்டாம். வாங்கும் சாமான்களை மாற்றிப் பாருங்கள்.

● பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு: ஊறவைத்து வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, எலுமிச்சை பிழிந்தால் மணக்க மணக்கச் சுண்டல். புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் சீக்கிரம் பசிக்காது.

● வறுத்த வேர்க்கடலை: மிக்சர், முறுக்குக்குப் பதில் மாலையில் கொறிக்கலாம். 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருப்பதால் ஒரு கைப்பிடி போதும்.

● முட்டை: ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம். வேகவைத்து, மிளகுத்தூள் தூவிச் சாப்பிடுங்கள்.

● சுரைக்காய், புடலங்காய், வெள்ளைப் பூசணி: நீர்ச்சத்து அதிகம், கலோரி குறைவு. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வையுங்கள். தட்டில் சோறு ஒரு பங்கு என்றால் கூட்டு இரண்டு பங்கு.

● கொய்யா: பாட்டில் ஜூஸுக்குப் பதில் கடித்துச் சாப்பிடுங்கள்.

● எண்ணெய்: செக்கில் ஆட்டியதானாலும் ஒரு மேசைக்கரண்டி சுமார் 120 கலோரி. அளந்து ஊற்றுங்கள்.

● ‘மல்டிகிரெய்ன்’ பிஸ்கட்: பாக்கெட்டின் பின்பக்கப் பொருள் பட்டியலில் அதிகம் சேர்த்த பொருளே முதலில் இருக்கும். மைதா முதலில் இருந்தால் வாங்காதீர்கள்.

சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உணவை மாற்றுவது அவசியம்.