கல்லில்லா நாட்டில் ஒரு கல்

காவிரிப் படுகை ஆறு கொணர்ந்த வண்டலால் ஆயது. அங்கு மலையில்லை; பாறையில்லை. உழுவோர் கொழுமுனையில் கல் தட்டுதலும் அரிது. ஆதலின், அம்மண்ணுள் தீட்டிய கல்லொன்று கிடைப்பின், அது மக்கள் வேற்றிடத்தினின்று கொணர்ந்ததே எனத் துணியலாம்.

பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது மயிலாடுதுறை. அதனை அடுத்த செம்பியன் கண்டியூரில், 2006-ஆம் ஆண்டில், பள்ளியாசிரியர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டினார். வழவழப்பாகத் தேய்க்கப்பெற்ற கற்கோடரிகள் இரண்டு வெளிப்பட்டன. அவர் அவற்றை எறிந்துவிடாது, தொல்லியல் துறையினர்க்குக் காட்டினார். அவர்கள் ஆராய்ந்து, அவை புதிய கற்காலக் கருவிகள் என்றனர்.

அவற்றுள் ஒன்றன்மேல் நான்கு குறிகள் காணப்பட்டன. அவை சிந்துவெளி எழுத்துகளே என்பது அறிஞர் ஐராவதம் மகாதேவனின் கருத்து. வேறு அறிஞர் சிலர் அதனை ஏற்றிலர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், ஆராய்தற்கு அக்கல் எஞ்சியது அவ்வாசிரியரின் கருத்துடைமையால் அன்றோ?

மாணவர்களே! நும் வயலிலோ தோட்டத்திலோ இத்தகைய பொருள் தென்படின், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் அறிவியுங்கள். இடம் அறியப்படாத பழம்பொருள் தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடும்.