பூமி சேமித்து வைத்த வெயில்

அடுப்பு எரியவும், பஸ் ஓடவும், மின்விளக்கு ஒளிரவும் நாம் பெரும்பாலும் நிலக்கரியையும், பெட்ரோலியத்தையும், எரிவாயுவையுமே நம்பியிருக்கிறோம். இவை யாவும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றிலிருந்து வந்தவை. அது எவ்வாறு என்று காண்போம்.

செடி கொடிகள் சூரிய ஒளியின் துணையால், கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு உணவு தயாரிக்கின்றன. அந்த ஒளியின் ஆற்றல் இலையிலும் தண்டிலும் தங்குகிறது. மரத்தடியில் உதிரும் இலை சில மாதங்களில் மக்கி, அதிலிருந்த கரியில் பெரும்பகுதி மீண்டும் காற்றில் கலந்துவிடும். ஆனால் குளத்துச் சேற்றில் புதைந்த இலையோ கறுத்துப் போனாலும் எளிதில் மக்குவதில்லை. அங்கே பிராணவாயு குறைவு. ஆகவே மக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகிறது. நிலக்கரியின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

பண்டைய சதுப்புக் காடுகளில் விழுந்த மரங்கள் இவ்வாறே முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகக் குவிந்தன. முதலில் உண்டானது 'பீட்' என்னும் பொருள். அதன்மேல் மணலும் களிமண்ணும் படிய, அழுத்தமும் வெப்பமும் கூடின. நீர் வெளியேற, கரியின் பங்கு உயர்ந்தது. பீட் பழுப்பு நிலக்கரியாகவும், பின்னர் கறுப்பு நிலக்கரியாகவும் மாறியது. முடிவில் கிடைப்பதே 'ஆந்த்ரசைட்'.

நம் நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. 1956-ஆம் ஆண்டு அங்கே நிறுவனம் தொடங்கப்பட்டது. 1961-இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962-இல் மின் உற்பத்தி தொடங்கியது. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி நீரே. ஜார்க்கண்டில் உள்ள ஜாரியாவின் கறுப்பு நிலக்கரியோ 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. ஆகவே நெய்வேலி நிலக்கரி அதற்குத் தங்கை எனலாம்!

பெட்ரோலியம் டைனோசர்களிலிருந்து வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கடலில் மிதந்த நுண்ணிய பாசிகளும் சிற்றுயிர்களும் மடிந்து, அடிச் சேற்றில் புதைந்து, பூமியின் ஆழத்து வெப்பத்தால் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. 1974-இல் பம்பாய்க்கு அப்பால் கடலடியிலும் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது.

கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த இச்செல்வத்தை நாம் சுமார் இரண்டு நூற்றாண்டுகளாக வேகமாக எரித்து வருகிறோம். எரிக்கும்போது, புதைந்திருந்த கரி மீண்டும் கரியமில வாயுவாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. பூமி வெப்பமடைவதற்கு இதுவே முதற்காரணம்.

முன்னோர் சேர்த்த சொத்தைத் தின்று தீர்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கடனை மட்டும் வைத்துச் செல்லும் குடும்பத்தை நாம் மெச்சுவதில்லை. ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்துவது சிறு செயல்தான். ஆயினும் சிறு துளி பெருவெள்ளம் அல்லவா? அன்றாடம் நம் தலைமேல் காயும் வெயிலையும், வீசும் காற்றையும் கொண்டே மின்சாரம் பெறும் வழிகளை நன்கு கற்போம். புதைந்த வெயிலைச் சிக்கனமாகச் செலவிட்டு, நமக்குப் பின் வருவோருக்கும் மிச்சம் வைப்போம்.