மருந்துத் துண்டும் குழூஉக்குறியும்

சொல்லைச் சுருக்கி வழங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தை யாழ் என்றும், திருகோணமலையைத் திருமலை என்றும், மட்டக்களப்பை மட்டுநகர் என்றும் நாம் நாள்தோறும் வழங்கி வருகின்றோம். பழைய காணி உறுதிகளிலே ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்னும் ஒற்றைக் குறியும், நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, ஆண்டிற்கு ௵ என்னும் குறிகளும் காணப்படும். எழுதுவோனும் படிப்போனும் ஒரே வழக்கை அறிந்திருக்கும் வரையில் இச் சுருக்கங்களால் நன்மையேயன்றித் தீமையில்லை.

இனி, சுருக்கத்தோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க மற்றொன்று உண்டு. நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகையாக வகுத்தனர். ஒரு குழுவினர் ஒரு பொருளின் இயற்பெயரை விடுத்துத் தமக்குள் மாத்திரம் விளங்கும் வேறொரு பெயரால் அதனை வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் உரையாசிரியர் காட்டும் உதாரணங்கள். இக்கால வைத்தியர் எழுதும் சுருக்கெழுத்துக்களும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பொற்கொல்லரின் குறி பட்டறையை விட்டு வெளியே செல்வதில்லை. வைத்தியரின் குறியோ துண்டிலே ஏறிப் பல கைகளுக்குச் செல்கின்றது. அங்கேதான் ஆபத்துத் தோன்றுகின்றது.

பனிச்சங்கேணியிலே வாழும் மீனவர் ஒருவர்க்கு நீரிழிவு என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலிற் செல்வது வாகரை வைத்தியசாலைக்கு. நோய் கடுமையாயின் அங்கிருந்து வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ அனுப்பப்படுவார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு துண்டு இருக்கும். அதனை எழுதியவர் ஒரு வைத்தியர். பார்த்து மருந்து கொடுப்பவர் வேறோர் ஊரின் மருந்தாளர். ஊசி ஏற்றுபவர் மற்றொரு தாதி. வீட்டிலே படித்துச் சொல்பவர் பாடசாலை செல்லும் பேரப்பிள்ளை. நோயாளி பேசுவது தமிழ். தாதியின் தாய்மொழி சிங்களமாகவும் இருக்கலாம். துண்டு எழுதப்பட்டது ஆங்கிலத்தில். அதிலுள்ள சுருக்கங்களிற் பல பிறந்தது இலத்தீனில். ஒரு சிறு கடதாசியின் மேல் நான்கு மொழிகள் சந்திக்கும்போது ஓர் எழுத்தின் வளைவும் பொருளை மாற்றிவிடும்.

எவ்வாறு மாறும் என்பதைச் சில உதாரணங்களாற் காட்டுவோம். இன்சுலின் மருந்தினை யூனிற் என்னும் அளவாற் கூறுவர். அதனை முழுதும் எழுதாது ஆங்கிலத்தின் ‘யூ’ என்னும் ஓரெழுத்தாற் குறித்தால், அவ்வெழுத்தின் மேல்வாய் சற்றே மூடிய மாத்திரத்திற் பூச்சியமாகிவிடும். 10 யூனிற் 100 ஆகும். இன்சுலின் பத்து மடங்கு ஏறினால் இரத்தத்திலுள்ள சர்க்கரை வீழ்ந்து, நோயாளி நினைவிழந்து, உயிரையும் இழக்க நேரிடும்.

தைரொக்சின் போன்ற மருந்துகள் மைக்கிரோகிராம் அளவிற் கொடுக்கப்படுவன. ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்கிரோகிராம் உண்டு. மைக்கிரோ என்பதற்கு எழுதும் கிரேக்க எழுத்து, விரைந்த கையெழுத்தில் மில்லியைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைப் போலத் தோன்றும். அப்பொழுது பிழை பத்து மடங்கன்று, ஆயிரம் மடங்கு.

தசமப் புள்ளியும் இத்தகையதே. 1 என்று எழுதவேண்டிய இடத்தில் 1.0 என்று எழுதினால், புள்ளி மங்கியபோது அது 10 ஆகும். 0.5 என்று எழுதவேண்டியதை முன்னே பூச்சியமின்றி .5 என்று எழுதினால், அது 5 ஆகும். இரண்டிலும் பிழை பத்து மடங்கு.

‘ஓ.டி.’ என்பது நாளொன்றுக்கு ஒருமுறை என்பதைக் குறிக்கும் சுருக்கம். கண் வைத்தியத்திலோ அது வலக்கண் என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரின் சுருக்கம். ‘கியூ.டி.’ என்றால் நாள்தோறும். நடுவே ஓரெழுத்து ஏறிக் ‘கியூ.ஐ.டி.’ ஆயின் நாளுக்கு நான்கு முறை. ‘எம்.எஸ்.’ என்று மருந்தின் பெயரைச் சுருக்கினால், நோவை அடக்கும் மோர்பின் சல்பேற்று எனவும் கொள்ளலாம்; மகனீசியம் சல்பேற்று எனவும் கொள்ளலாம். இரண்டும் முற்றிலும் வேறுபட்ட மருந்துகள்.

இவை கற்பனை அச்சங்களல்ல. ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தகுதிச் சான்று வழங்கும் கூட்டு ஆணையம், 2004-ஆம் ஆண்டில், எழுதலாகாத சுருக்கங்கள் என ஒரு பட்டியலை வகுத்தது. யூனிற்றைக் குறிக்கும் ஓரெழுத்தும், ‘கியூ.டி.’யும், ‘எம்.எஸ்.’உம், வேண்டாத பின் பூச்சியமும், விடப்பட்ட முன் பூச்சியமும் அதில் இடம்பெற்றன. உலக சுகாதார நிறுவனமும் 2017-இல், மருந்தினால் விளையும் தவிர்க்கத்தக்க தீங்குகளைக் குறைக்கும் உலகளாவிய முயற்சி ஒன்றைத் தொடங்கியது.

நம் முன்னோரின் வைத்திய ஏடுகளிலும் சுருக்கமும் மயக்கமும் இருந்தனவன்றோ என்று சிலர் கேட்கலாம். இருந்தன. ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாது எழுதுவது பெருவழக்கு. ௧ என்னும் எண் ககரம் போலவும், ௮ என்னும் எண் அகரம் போலவும் தோன்றும். ஆயினும் அந்த ஏட்டைப் படித்தவன், ஆசிரியரின் பக்கத்திலிருந்து பாடங்கேட்ட மாணாக்கன். கழஞ்சும் குன்றிமணியும் கொண்டு மருந்தை நிறுத்து, இடித்து, தன் கையாலேயே நோயாளிக்குக் கொடுத்தவனும் அவனே. எழுத்து மயங்கினாலும் பயிற்சி காத்தது. இன்றோ எழுதுபவரும் கொடுப்பவரும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை. ஆதலால் முன்னே குருசீட மரபு செய்த காவலை இன்று தெளிவான எழுத்தே செய்தல் வேண்டும்.

தெளிவை நாடிய பெரியோர் நம்மிடை இருந்திருக்கின்றனர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். நம் மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1936-இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அறிவு ஒரு குழுவுக்குள் அடைபட்டுக் கிடத்தல் ஆகாது என்பதே இவ்விருவர் பணியாலும் நாம் பெறும் பாடம்.

வைத்தியர்க்கு நேரமில்லை என்பது உண்மையே. காலையில் நீண்ட வரிசை காத்திருக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் விரித்தெழுதுவது எளிதன்று. எல்லாச் சுருக்கங்களையும் விலக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஈ.சி.ஜி. என்றால் இன்று பாமரரும் அறிவர். அளவு, வேளை, மருந்தின் பெயர், உட்செலுத்தும் வழி ஆகிய நான்கிலும் மாத்திரம் சுருக்கம் வேண்டா என்பதே நம் கருத்து. அங்கே மிச்சமாகும் சில விநாடிகள் எழுதுவோர்க்கு வரவு. நட்டம் வந்தால் அது நோயாளியைச் சாரும்.

ஆதலின், வைத்தியத் துறையிற் பணிபுரியும் நம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். யூனிற், மைக்கிரோகிராம் என்பவற்றை முழுச் சொல்லாக எழுதுக. முழு எண்ணின் பின் புள்ளியும் பூச்சியமும் இடாதொழிக. பின்னத்தின் முன் பூச்சியம் இடுக. மருந்தின் பெயரைச் சுருக்காதொழிக. மூட்டுவாதத்திற்கு வாரம் ஒருமுறை மாத்திரம் கொடுக்கும் மெதோட்ரெக்சேற்று போன்ற மருந்தாயின், எந்தக் கிழமை என்பதையும் எழுதுக. தொலைபேசியிற் சொன்ன அளவைக் கேட்டவர் திருப்பிச் சொல்லும்படி செய்க. ஐயமுற்ற மருந்தாளர் கேட்பதை அவமதிப்பாகக் கொள்ளாதொழிக.

மாணவர்க்கும் ஒன்று சொல்வோம். வீட்டிலே அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் துண்டைப் படித்துச் சொல்பவர் நீங்களே. விளங்காத எழுத்தை ஊகித்துச் சொல்லாதீர்கள். குளிசையை வாங்கும் இடத்திலேயே, காலையில் எத்தனை, இரவில் எத்தனை, எதற்காக என்று கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது பழைய துண்டுகள் அனைத்தையும் கொண்டு செல்லுங்கள். கேட்பது குற்றமன்று, கேளாது கொடுத்த குளிசையே குற்றமாகும்.