எக்ஸ்ரே சுத்தம், மூச்சு ஏன் வாங்குகிறது?

கொரோனா வந்துபோனதில் சி.டி. ஸ்கேன் கோவையில் எல்லோருக்கும் பழகிவிட்டது. நுரையீரல் பாதிப்பு "25-க்கு எத்தனை?" என்று பரீட்சை மார்க் போல விசாரித்தோம். ஆண்டுக்கணக்கில் நுரையீரலை அரிக்கும் நோய்களைப் பற்றிய தப்பெண்ணங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நம்பிக்கை: எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, நுரையீரல் நன்றாக இருக்கிறது.

உண்மை: எக்ஸ்ரேயில் நெஞ்சின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எச்.ஆர்.சி.டி. எனும் நுணுக்கமான சி.டி. ஸ்கேன் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காகக் காட்டும். பவுண்டரி மணல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் முடிச்சுகள், காற்றறைகள் சிதையும் எம்பைசீமா, நுரையீரல் தழும்பு ஆகியவை எக்ஸ்ரேக்கு எட்டும் முன்பே இதில் தெரியலாம். மூச்சை முழுக்க விட்டபின் மறுபடி எடுத்தால், வெளியேறாமல் தேங்கிய காற்றும் பிடிபடும்.

நம்பிக்கை: பீடி, சிகரெட் தொடாதவருக்கு நுரையீரல் நோய் வராது.

உண்மை: 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய ஊர் இது. பஞ்சு மில்களின் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களுக்குப் பிசினோசிஸ் வரலாம். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுக்கும்; மறுநாள் குறையும். குறைந்துவிடுவதால்தான் யாரும் சட்டை செய்வதில்லை. வருடங்கள் போனால் எல்லா நாளும் இறுக்கும். அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகச் சட்டத்திலேயே இது சேர்க்கப்பட்டது. விறகடுப்புப் புகையும் புறா எச்சமும்கூட நுரையீரலைக் கெடுக்கும்.

நம்பிக்கை: ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

உண்மை: பிசினோசிஸுக்கென்று தனி அடையாளம் எந்தப் படத்திலும் இல்லை. எந்தப் பிரிவில் எத்தனை வருடம் வேலை என்று கேட்டும், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் கருவியில் ஊத வைத்தும்தான் கண்டறிய வேண்டும். நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயான சி.ஓ.பி.டி.க்கும் ஊதும் பரிசோதனையே அடிப்படை: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தபிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளிவருவது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு. அந்த அளவு சரியாக இருந்தும் மூச்சு வாங்குகிறவர்களிடம்தான் ஸ்கேன் தன் வேலையைக் காட்டும்.

நம்பிக்கை: வருடம் ஒருமுறை ஸ்கேன் எடுத்துவைத்தால் நல்லது.

உண்மை: தொந்தரவே இல்லாத எல்லோருக்கும் அது தேவையில்லை. வருடாந்திர ஸ்கேனுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் 2011 அமெரிக்க ஆய்வு, நெடுங்காலம் அதிகம் புகைத்தவர்களிடம் குறைந்த கதிர்வீச்சு சி.டி.யால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. மில் தூசிக்கு அது பொருந்தாது. அந்த ஆய்விலேயே சந்தேகத்துக்குரியவை என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. காசநோய்த் தழும்பு நிறைந்த நம் நாட்டில் வீண் பயம் இன்னும் கூடும்.

மாடிப்படி ஏறினால் இளைக்கிறதா? வயசாயிடுச்சு என்று விடாதீர்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனையோ தனியாரோ, போகும்போது பார்த்த வேலையைச் சொல்லுங்கள். முதலில் ஊதும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.